வாய்மையே வெல்லும்

நாடாள்வோர் தம் முத்திரையிற் பொறிக்கும் மொழி அந்நாட்டின் நெஞ்சத்தைக் காட்டும். பாரத நாடு தனக்கெனக் கொண்டது ‘சத்யமேவ ஜயதே’ என்னும் மறைமொழி. வாய்மையே வெல்லும் என்பது அதன் பொருள்.

அதர்வண வேதத்தைச் சார்ந்த முண்டக உபநிடதத்தில், மூன்றாம் முண்டகத்து முதற்கண்டத்தின் ஆறாம் மந்திரம் இவ்வாறு தொடங்கும். வாய்மையால் தேவயான நெறி விரிந்து கிடக்கின்றதென்றும், அவாவற்ற முனிவர் அந்நெறியே சென்று மெய்ம்மையின் உறைவிடத்தை எய்துவரென்றும் அது மேலும் கூறும். ஆகவே அங்குக் குறித்த வெற்றி வழக்கிலும் போரிலும் பெறுவதன்று, வீடுபேறேயாம்.

தேசிய இயக்க நாளில் பண்டித மதன் மோகன் மாளவியா இம்மொழியைப் பரப்பினார். 1950 ஜனவரி 26-இல் குடியரசு மலர்ந்தபோது, சாரநாத்து அசோகத் தூணின் சிங்கமுடி அரசு இலச்சினையாயிற்று. அக்கற்சிற்பத்தில் இல்லாத இம்மொழியை அதன்கீழ்த் தேவநாகரி எழுத்தில் அமைத்தனர். தமிழக அரசின் முத்திரையிலோ, கோபுரத்தோடு இது தமிழாய் நிற்கின்றது.

தீயோர் வாழ நல்லோர் நலிதலைக் காண்போர், இம்மொழி மெய்யோ என ஐயுறுவர். அதற்கு விடை திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் தோற்ற முத்தநாதன் பொய்யாகச் சிவவேடம் பூண்டு வந்து அவரைக் குத்தினான். அவ்வேடத்தையே மெய்யெனக் கொண்ட நாயனார், அவனை இடையூறின்றி ஊர் கடத்தி விடுமாறு தத்தனைப் பணித்தார். அது நிறைவேறிய செய்தி கேட்டபின்னரே இறைவன் கழலடைந்தார். உடல் வீழ்ந்தது, வாய்மை வென்றது.

கோபுரத்தைக் கைதொழும் அன்பர் இம்மொழியையும் நெஞ்சிற்கொண்டு ஒழுகி உய்வாராக.