மெதுவான கம்பியில் பிறந்த எடிட்டர்

உதியன்குளங்கரையிலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கோடு எழுத வி.ஐ. போன்ற பழைய எடிட்டரா, 2015-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வி.எஸ். கோடு போன்ற புதியதா? பழையது பிடிவாதக்காரர்களுக்குத்தான் என்று ஒரு கட்சி அடித்துச் சொல்லும். வி.ஐ. பிறந்த கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

1969-ல் கென் தாம்சன் 'எட்' என்ற எடிட்டரை எழுதியபோது திரையே இல்லை. காகிதத்தில் அச்சாகும் டெலிடைப்பில் வரிவரியாகக் கேட்டுத் திருத்த வேண்டும். லண்டன் குயின் மேரி கல்லூரியின் ஜார்ஜ் குலூரிஸ் அதை எளிதாக்கி 'எம்' செய்தார். 1976 கோடையில் அவர் பெர்க்கிலிக்குப் போனபோது, பில் ஜாய் என்ற மாணவர் அதைப் பார்த்தார். அவரும் சக் ஹேலியும் அதை 'எக்ஸ்' ஆக வளர்த்தார்கள். அதன் முழுத்திரை வடிவம்தான் வி.ஐ.

ஜாய் வீட்டில் இருந்தது ஏ.டி.எம்.-3ஏ டெர்மினலும் 300 பாட் மோடமும். தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்குச் சுமார் 30 எழுத்துதான் வரும். 80 எழுத்து அகலமும் 24 வரியும் உள்ள திரை நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு கட்டளையும் ஓரிரு எழுத்தில் சுருங்கியது. 'டி'யை இருமுறை தட்டினால் ஒரு வரி போய்விடும். 'ஐ' தட்டிய பிறகே எழுத்துகள் விழும். எஸ்கேப் தட்டினால் மறுபடி கட்டளை. அந்த விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் வரைந்திருந்தன; எஸ்கேப்போ இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிடிவாதத்துக்கு இதில் எங்கே இடம்? கிடைத்த கம்பிக்கும் கைக்கும் ஏற்றபடி செய்தார், அவ்வளவுதான்.

அதே 1976-ல் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஈமாக்ஸ் என்ற எடிட்டரைத் தொடங்கினார்கள். அங்கே கணினி பக்கத்திலேயே இருந்தது, திரையும் வேகம். சிக்கனம் தேவைப்படாததால் ஈமாக்ஸ் தாராளமாகப் பெருத்தது. அந்த ஸ்டால்மன்தான் 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்துக்கு வந்து, இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். பின்னர் கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டெர்மினல் பள்ளி லேபிலேயே கிடைத்தது பெரிய பாக்கியம்.

1991-ல் பிராம் மூலனார் வி.ஐ.யை விரித்து விம் ஆக்கி வெளியிட்டார். பிடித்திருந்தால் உகாண்டாவின் அனாதைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2023-ல் மறையும்வரை அதைக் கவனித்துக்கொண்டார்.

இடவப்பாதி மழையில் சிக்னல் இழுபறியாகும்போது, போன் ஹாட்ஸ்பாட்டில் தூரத்து சர்வருக்குள் நுழைந்து ஒரு வரி திருத்த வேண்டுமானால் இன்றும் வி.ஐ. சலிக்காமல் நிற்கிறது. பெரிய ப்ராஜெக்ட் முழுக்க ஒரு பெயரை மாற்றும் வேலைக்கு வி.எஸ். கோடுதான் சுகம். வி.எஸ். கோடுக்குள்ளேயே விம் விசைகளைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம். வி.எஸ். கோடுக்காகப் பிறந்து 2016-ல் பொதுவில் வந்த, கோடைப் புரிந்துகொண்டு எடிட்டருக்குத் துணைசெய்யும் லாங்குவேஜ் சர்வர் முறை, 2021-ல் விம்மின் கிளையான நியோவிம்முக்குள்ளும் வந்துவிட்டது.