சுவடியிலிருந்து எழும் எஞ்சின்கள்

சுவடிப் பதிப்பைப் பற்றி நாம் இப்பக்கங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். செல்லரித்த ஏட்டிலிருந்து ஒரு நூலை மீட்டெடுப்பது எத்துணை அரிய பணி என்பதை உ.வே.சா.வின் வாழ்வு நமக்குக் கற்பித்தது. இரும்புக்கும் அப்படியொரு பதிப்புக் கலை உண்டு. அழிந்துபோன நீராவி எஞ்சினை அதன் பழைய வரைபடங்களைக் கொண்டு மீண்டும் படைப்பதே அது.

இக்கலையின் புகழ்பெற்ற சான்று இங்கிலாந்தில் உள்ளது. ஆர்தர் பெப்பர்கார்ன் வடிவமைத்த ஏ1 வகை எஞ்சின்கள் 49 ஓடின. 1966-க்குள் அத்தனையும் உடைத்து விற்கப்பட்டன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனினும், யார்க் நகர அருங்காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூல வரைபடங்கள் இருந்தன. 1990-இல் ஆர்வலர் சிலர் கூடி, பொதுமக்களிடம் திங்கள்தோறும் சிறுதொகை திரட்டி, 2008-இல் 'டோர்னேடோ' என்னும் ஐம்பதாவது எஞ்சினை ஓட விட்டனர்.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வரைபடம் கையில் இருந்தும், அதன் கொதிகலனைச் செய்யவல்ல பட்டறை பிரிட்டனில் அமையவில்லை. ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையே அதனைச் செய்தளித்தது. ஆணியடித்து இணைத்த பழைய கொதிகலனுக்கு மாற்றாகப் பற்றவைப்புக் கொதிகலன் வந்தது. நீராவி பிறந்த நாட்டில் ஏடு பிழைத்தது, கைத்திறன் மறைந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது வீண்போகவில்லை.

இதற்கு நேர்மாறான கதை நம் தமிழகத்தில் நிகழ்ந்திருக்கிறது. நீலகிரி மலை இரயில் 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது. கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டடிக்கு ஓரடி என ஏறும் செங்குத்தான பாதை அது. அதற்கென்றே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் 1914 முதல் வடிக்கப்பட்டன. இறுதித் தொகுதி 1952-இல் வந்தது.

அவற்றின் அமைப்பு நுட்பமானது. ஒவ்வொன்றிலும் நான்கு உருளைகள் உண்டு. சமதளத்தில் இரண்டு உருளைகள் மட்டும் சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றம் வந்ததும், அவ்விரண்டிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டு உருளைகளுக்குச் செல்லும்; அவை தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களை இயக்கும். ஒரே மூச்சு இருமுறை உழைக்கிறது எனலாம்.

இவ்வெஞ்சின்கள் மூப்படைந்தபோது புதியன வாங்க வழியில்லை. உலகம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிவிட்டிருந்தது. அவற்றைச் செய்த சுவிஸ் நிறுவனமே 1990-களின் இறுதியில் பிரிந்து சிதறியது. அப்போது முன்வந்தது திருச்சிப் பொன்மலைப் பணிமனை. 2011 முதல் எண்ணெயில் இயங்கும் புதிய எக்ஸ் எஞ்சின்களும், 2021-இல் நிலக்கரி எஞ்சினும் அங்கிருந்து புறப்பட்டன.

பொன்மலைக்கு இது எங்ஙனம் இயன்றது? மலை எஞ்சின்களைப் பிரித்து, பழுது நீக்கி, மீளப் பூட்டும் பணி அங்கு நெடுங்காலமாக நடந்துவந்தது. வரைபடம் அளவைச் சொல்லும்; எவ்வளவு சூட்டில் தகட்டை வளைப்பது, எந்த ஓசை கேட்டால் இறுக்குவதை நிறுத்துவது என்பதைச் சொல்லாது. அது மூத்தவரிடமிருந்து இளையவர் கைக்கு நேரே வந்து சேரும் பாடம். அப்பாடம் அங்கே அறுபடவில்லை.

சென்னையின் மேற்குப் புறநகராகிய எம் சென்னீர்குப்பம் பகுதிக்கும் இக்கதை அந்நியமன்று. ஆவடி, அம்பத்தூர் வழியே செல்லும் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன், 1855-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த 'இ.ஐ.ஆர். 21' எஞ்சின், ஒரு நூற்றாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாய் உறங்கியபின், 2010-இல் பெரம்பூர் பணிமனையில் மீண்டும் உயிர்பெற்றது.

ஏடுகளைக் காக்க நமக்கு நூலகங்கள் உள்ளன. கைகளைக் காக்க எந்நூலகமும் இல்லை. பெரம்பூரிலோ பொன்மலையிலோ கொதிகலனோடு வாழ்ந்த முதியவர் உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இருப்பாராயின், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி வையுங்கள். பட்டறையில் அவர்கள் வழங்கிய சொற்களையும் விடாது குறித்துக்கொள்ளுங்கள். அவை எந்த வரைபடத்திலும் எழுதப்படாதவை. அவரோடு மறைந்தால் மீட்டெடுக்க வேறு ஏடில்லை.