மிகை ஒட்சிசனும் பிறந்த குழந்தையின் ஓமோன்களும்

கருவறையில் குழந்தையின் குருதியில் ஒட்சிசன் செறிவு ஏறத்தாழ 60 வீதமே. பிறந்தபின் அது 90 ஐ எட்டச் சுமார் 10 நிமிடமாகும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதைவிட வேகமாகவும் கூடுதலாகவும் ஒட்சிசன் ஏற்றினால், தாழ்ந்த அளவுக்குப் பழகிய ஓமோன்களின் ஒழுங்கு குலைகிறது.

வரலாறு: 1942 இல் பொஸ்டன் கண் மருத்துவர் தியடோர் டெரி, குறைமாதக் குழந்தைகளின் கண்வில்லைக்குப் பின்னே வளரும் வெண்படலத்தை விவரித்தார். வசதி மிகுந்த வைத்தியசாலைகளிலேயே இந்நோய் பெருகியது. 1951 இல் மெல்பேர்ணில் கேற் காம்பெல், ஒட்சிசனைத் தாராளமாகக் கொடுத்த இடங்களையும் சிக்கனமாகக் கொடுத்த இடங்களையும் ஒப்பிட்டு, காரணம் ஒட்சிசனே என்றார். 1953-54 இல் அமெரிக்காவில் 18 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். பின்னர் எல்லாருக்கும் ஒட்சிசனை இறுக்கிப் பிடித்ததில் நுரையீரல் நோயுற்ற பல சிசுக்கள் மடிந்தன. டில்லியில் சித்தார்த் ராம்ஜியும் நோர்வேயின் ஓலா சௌக்ஸ்டாடும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு, மூச்சடைத்துப் பிறந்த சிசுவைச் சாதாரணக் காற்றாலேயே மீட்கலாம் எனக் காட்டியது. 2010 இல் உலக வழிகாட்டல் அதை ஏற்றது.

ஓமோன்கள்: செங்குருதிக் கலங்களைத் தூண்டும் எரித்ரோபொயற்றின் கருவில் பெரும்பாலும் ஈரலில் சுரக்கிறது. ஒட்சிசன் மிகுந்தால் அச்சுரப்பு அடங்கும். குறைமாதக் குழந்தையின் இரத்தசோகை விரைவில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1, தாயின் தொடர்பு அறுந்ததும் சரிகிறது. அதே நாட்களில் மிகை ஒட்சிசன் விழித்திரையின் குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணியையும் ஒடுக்குவதால் குழாய்கள் பாதியில் நின்று, சில வாரங்களில் கட்டுமீறி முளைக்கின்றன.

திருகோணமலை: மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பகுதிகளின் நலிந்த சிசுக்கள் நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து வருவோர் கடற்கழியைப் படகுப்பாதையில் கடக்க வேண்டியிருந்தது. மிகை ஒட்சிசனின் ஆபத்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழிப்பயணத்தில்தான் கூடுதல்: காற்றுடன் கலக்கும் கருவி இல்லாவிட்டால் சிலிண்டரிலிருந்து வருவது 100 வீத ஒட்சிசன். குழந்தையின் வலது மணிக்கட்டில் சுற்றிய உணரியே அப்போது ஒரே வழிகாட்டி. குறைமாதக் குழந்தைக்கு அதன் திரையில் 91 முதல் 95 வரை நிற்க வேண்டும், 100 காட்டினால் உடனே குறைக்க வேண்டும்.