கர்னல் யங்கும் ஒரு தேதியும்

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்தால் நாம் முதலில் பார்ப்பது எந்த நாளிலிருந்து அமல் என்பதைத்தான். சார்லஸ் யங்கின் ஆணையையும் அப்படியே படிப்போம்.

1864இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பர். 1917இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது லெப்டினன்ட் கர்னல். பிரிகேடியர் ஜெனரல் ஆகும் வாய்ப்பு எதிரிலேயே இருந்தது. கறுப்பரின் கீழ் வேலை செய்ய முடியாது என்று ஒரு வெள்ளை லெப்டினன்ட் முறையிட, விஷயம் அதிபர் வில்சன் வரை போனது. சாதியை யாராவது கோப்பில் எழுதுவார்களா? அங்கும் நிறத்தை எழுதவில்லை. ரத்த அழுத்தம் என்றது மருத்துவக் குழு. கர்னல் பட்டத்தோடு ஓய்வில் அனுப்பினார்கள்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட, 1918இல் ஓஹியோவிலிருந்து வாஷிங்டனுக்குக் குதிரையிலேயே போனார் யங். ஏறக்குறைய 500 மைல்! போர் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போதுதான் திரும்ப அழைத்தார்கள். 1922இல் லாகோஸில் பணியில் இருக்கும்போதே இறந்தார்.

நூறாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், வெஸ்ட் பாயின்டில் விழா எடுத்து அவரை பிரிகேடியர் ஜெனரலாகக் கொண்டாடினார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 1917க்கு முன்தேதியிடவில்லை. பதவி உயர்வு நாள் 2021 நவம்பர் 1 என்றே இருக்கிறது.