கயாக் படகின் வேகம் கைகளில் மட்டும் இல்லை: கால் உந்துதலும் உடல் சுழற்சியும்

கரையில் நின்று கயாக் பந்தயத்தைக் காண்போருக்கு, வீரரின் கைகளே படகைச் செலுத்துவதாகத் தோன்றும். ஆனால், கால்களின் உந்துதலும் இடுப்பு, முதுகு ஆகியவற்றின் சுழற்சியுமே வேகத்திற்கு அடிப்படையாக அமைகின்றன.

1936 பெர்லின் ஒலிம்பிக் முதல் பதக்கப் போட்டியாக உள்ள கயாக் பந்தயத்தில், வீரர் அமர்ந்த நிலையில், இருமுனைத் துடுப்பால் இடமும் வலமும் மாறி மாறி நீரைத் தள்ளுகிறார்.

செயல்படும் முறை

வலப்பக்கம் துடுப்பு வீசும்போது, வலது தோள் முன்னே செல்லும்; வலது முழங்கால் மடங்கியிருக்கும். பாதத்தின் அருகே துடுப்பு முனை நீரில் முழுமையாக மூழ்கியதும், வலது பாதம் முன்னுள்ள பலகையை அழுத்துகிறது. கால் நீள, வலது இடுப்பு பின்னோக்கி நகர்கிறது. முறுக்கிய உடல் விடுபட்டு எதிர்ப்பக்கம் சுழல்கிறது. அந்த விசையைத் துடுப்புக்குக் கடத்துவதே கைகளின் முதன்மையான பணி. இடுப்பை நெருங்கும்போது துடுப்பு வெளியே எடுக்கப்படுகிறது. அதற்குப் பின்னரும் இழுத்தால், துடுப்பு நீரை மேலே தூக்கும், வேகம் குறையும்.

பொதுவான பிழைகள்

முழங்கையை மடக்கிக் கைகளால் மட்டுமே இழுப்பது புதியவர்கள் செய்யும் முதன்மையான தவறு. இதனால் சிறிய தசைகள் விரைவில் சோர்வடைகின்றன. இடுப்பை அசைக்காமல் தோள்களை மட்டும் திருப்புவது மற்றொரு பிழை.

பாரா போட்டிகளில்

2016 ரியோ பாராலிம்பிக்கில் அறிமுகமான பாரா கயாக் போட்டியின் வகைப்பாடும் இதே அடிப்படையில் அமைந்துள்ளது. கால்கள் இயங்காமல், உடற்பகுதியின் இயக்கமும் மிகக் குறைவாக உள்ளவர்கள் கேஎல்1 பிரிவிலும், இரண்டும் ஓரளவு இயங்குபவர்கள் கேஎல்2 பிரிவிலும் இடம்பெறுகின்றனர். உடற்பகுதி நன்கு இயங்கி, கால்களையும் ஓரளவு பயன்படுத்தக் கூடியவர்களுக்கு கேஎல்3 பிரிவு உள்ளது. பந்தயத் தொலைவு 200 மீட்டர்.

மத்தியப் பிரதேச மாநிலம் குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ், 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியின் மகளிர் கேஎல்2 பிரிவில் தங்கம் வென்றார். கால் உந்துதல் குறைவாக உள்ள இப்பிரிவினருக்கு, இயன்ற அளவு உடல் சுழற்சியும் தோள்களின் வலிமையுமே பெரும் துணையாகின்றன. கால்களின் பங்கு எத்தகையது என்பதை இவ்வகைப்பாடே உணர்த்துகிறது.