துக்க நாட்களில் ஒரு நிறைவு விருந்து

தமது பேரிழப்பை நினைந்து இறைச்சியையும் திராட்சை மதுவையும் விலக்கியிருக்கும் நாட்களில், ஒரு நூலைக் கற்று முடித்தமைக்காக விருந்து வைக்கலாமா? யூத சமயச் சட்டம் இதற்கு அனுமதியளிக்கின்றது. எனினும் அது விதித்துள்ள எல்லைகள் நோக்கத்தக்கவை.

ஜெருசலேமிலிருந்த முதலாம் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும், இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் உரோமராலும் அழிக்கப்பட்டன. யூத நாட்காட்டியின் ஆவ் மாத ஒன்பதாம் நாளில் இவ்விரு அழிவுகளும் உபவாசத்துடன் நினைவுகூரப்படுகின்றன. அதற்கு முந்திய மூன்று வாரங்களும் துக்க காலமாகும். ஆவ் மாதம் பிறந்ததும் மகிழ்ச்சியைக் குறைத்தல் வேண்டும் என்பது மிஷ்னா என்னும் பழஞ்சட்டத் தொகுப்பின் விதி. அதனையொட்டி, ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாஸி யூதர்கள் அம்மாதத்தின் முதல் ஒன்பது நாட்களும், ஓய்வுநாள் தவிர, இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பர்.

மிஷ்னாவையும் அதன் மீதான விவாதங்களையும் கொண்ட பெருநூலே தல்மூத். பாபிலோனியத் தல்மூத் 37 பகுதிகளையும், நாளுக்கு ஒரு தாள் எனக் கற்போரின் கணக்கில் 2,711 தாள்களையும் உடையது. இந்த நாளாந்தக் கல்வி முறையை ரபி மேயர் ஷப்பீரோ 1923இல் வியன்னாவில் முன்மொழிந்தார். இம்முறையில் முழுவதையும் கற்று முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் செல்லும். ஒரு பகுதியை முடித்ததும் நடைபெறும் நிறைவு வைபவம் 'சியூம்' எனப்படும். இளம் அறிஞரொருவர் ஒரு பகுதியை முடித்தால் தாம் விருந்தளிப்பதாக அபாயே என்னும் ஆசான் கூறியமை தல்மூத்திலேயே பதிவாகியுள்ளது.

இவ்விருந்து சமயக் கடமையாகக் கருதப்படுவதால், ஒன்பது நாட்களிலும் அதில் இறைச்சியும் மதுவும் பரிமாற, 16ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த ரபி மோசே இசர்லெஸ் இடமளித்தார். ஆனால், உபவாச நாள் வரும் வாரத்தில் அவற்றை உண்போர் தொகை கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்துப் பேர் என்ற அளவிற்குச் சுருக்கப்பட்டது. விருந்தை இந்நாட்களில் அமைத்துக்கொள்வதற்காகவே படிப்பை விரைவுபடுத்துவதும் தாமதப்படுத்துவதும் தகாது எனப் பிற்காலச் சட்ட அறிஞர்கள் எச்சரித்தனர். சலுகை, துக்கத்தினின்றும் தப்பும் குறுக்குவழியாகிவிடக் கூடாது என்பதே அவர்களது கவலை. மறுபுறம், ஹபாட் இயக்கத்தினர் இந்நாட்களில் நாள்தோறும் சியூம் நடத்துவர். இறைச்சி, மது இன்றியே அவற்றை நடத்துவதும் வழக்கம். கல்வியின் மகிழ்வே அவர்களுக்கு முக்கியமானது.

கல்வி மகிழ்வளிப்பது என்பது இங்கு வெறும் உபசார வார்த்தையன்று. அது உள்ளத்தை மகிழ்விக்கும் என்ற காரணத்தாலேயே, ஆவ் ஒன்பதாம் நாளில் யோபுவின் நூல், புலம்பல் போன்ற துயரப் பகுதிகள் தவிர்ந்த வேதக் கல்வி விலக்கப்பட்டுள்ளது.

சியூமின் இறுதியில், கற்ற பகுதியிடம் மீண்டும் திரும்பி வருவதாக வாக்களிக்கும் உரை ஓதப்படும். அதனைத் தொடர்ந்து 'கதீஷ்' என்னும் துதியின் நீண்ட வடிவம் சொல்லப்படும். ஜெருசலேமும் ஆலயமும் மீளக் கட்டப்படுதலை வேண்டும் அதே வடிவமே, பெற்றோரை அடக்கம் செய்யும் வேளையிலும் பிள்ளைகளால் ஓதப்படுகின்றது. விருந்தின் நடுவிலும் இழப்பு மறக்கப்படுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் ஆலயம் அழிந்த பின்னர் ரபி யோகனான் பென் சக்காய் தலைமையில் யாவ்னே நகரில் அறிஞர்கள் கூடினர். பலிபீடம் இல்லாதொழிந்த அம்மக்களின் சமய வாழ்வு கல்வியாலும் வழிபாட்டாலும் நிலைபெற்றது. ஆகவே, ஆலயத்திற்காகத் துக்கம் காக்கும் நாட்களில் ஒரு நூற்பகுதியை முடித்து மகிழ்வது அத்துக்கத்திற்கு முரணானதன்று. எதை இழந்தனரோ அதை நினைந்தவாறே, அவ்விழப்பின் பின்னரும் தம்மைத் தாங்கி நின்றதற்கு அவர்கள் செலுத்தும் நன்றியே அதுவாகும்.