விடியற்பொழுதில் கூடுகளும் நிழலுருப் படங்களும்

உதிக்கும் சூரியனுக்கு எதிரே தெரியும் பறவையையும் கூட்டையும் கருமையாகவும், பின்னாலுள்ள வானை அதன் வண்ணத்துடனும் பதிவுசெய்வது நிழலுருப் புகைப்படம். இறகின் நிறம் இதில் மறைந்துவிடும். வடிவம் மட்டும் எஞ்சும். கூட்டை நெருங்கத் தேவையில்லை என்பதால், பறவைப் படக்கலையில் பறவைக்குத் தொல்லை குறைந்த வகைகளுள் இதுவும் ஒன்று.

கொழும்பு மேற்குக் கரையில் இருப்பதால் வெள்ளவத்தைக் கடற்கரையில் காணக்கிடைப்பது சூரிய அஸ்தமனமே. உதயத்துக்கு நிலப்பக்கம் திரும்ப வேண்டும். கிருலப்பனைக் கால்வாய்க் கரைகளில் நீர்க்காகங்களையும் கொக்குகளையும் காலையில் பார்க்கலாம். தெற்கே உள்ள பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் 1990 ஜூலை 25இல் சரணாலயமாக்கப்பட்டது. பரப்பு 372 ஹெக்டேயர். இத்தகைய ஈரநிலங்களைக் காக்கும் முயற்சிகளுக்காக, 2018இல் ராம்சார் ஈரநில நகர அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றானது.

இங்கே ஒளி அதிக நேரம் காத்திருக்காது. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது. முழு வட்டமும் அடிவானத்தைத் தாண்ட இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமே ஆகும். உதயத்துக்கு முந்தைய இருபது நிமிடமும் பிந்தைய சில நிமிடங்களுமே பயன்படும் வேளை. மே மாதக் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன்பும், பெப்ரவரித் தொடக்கத்தில் ஏறக்குறைய 6.25க்கும் உதயமாகும். உதயத் திசையும் ஆண்டுக்குள் நேர்கிழக்கின் இருபுறமும் சுமார் 24 பாகை வரை நகரும். ஒரே கூட்டுக்குப் பின்னால் சூரியன் எப்போதும் எழாது. நிற்குமிடத்தை மாதத்துக்கேற்ப மாற்ற வேண்டும்.

ஒளியளவை வானத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும். கமெராவைத் தன்போக்கில் விட்டால் அது பறவையை வெளிச்சமாக்க முயன்று வானை வெளிறச் செய்துவிடக்கூடும். சூரியனை ஒட்டிய பிரகாசமான பகுதியை அளந்து, தேவைக்கேற்ப ஒன்று இரண்டு படி குறைப்பது வழக்கம். மேலெழுந்த சூரியனை டெலிஃபோட்டோ லென்ஸ் வழியே ஒளியியல் பார்வைத்துளையில் கண் வைத்துப் பார்ப்பது பார்வையையே பறிக்கக்கூடும். கமெராத் திரையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

நிறம் இல்லாத இடத்தில் பறவையின் பக்கவாட்டுத் தோற்றமே அதை இனங்காட்டும். கூழைக்கடாவுக்குத் தொங்கும் அலகுப்பை; சங்குவளை நாரைக்கு நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்த கனத்த அலகு; பாம்புத்தாராவுக்கு நெளிந்த நீள்கழுத்து; வக்காவுக்குத் தோளுக்குள் இழுத்துக்கொண்ட குறுங்கழுத்து. கழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எல்லாம் ஒரே கரும்பிண்டமாகிவிடும். இடையே வானம் தெரியும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சுள்ளியோடு வந்திறங்கும் துணை, தாயின் அலகுப்பைக்குள் தலைநுழைக்கும் கூழைக்கடாக் குஞ்சு ஆகியவை இவ்வகைப் படத்தில் வண்ணப் படத்தைவிடத் தெளிவாக நிற்கும்.

கூட்டைப் படமெடுக்கும் மரபு பழையது. இங்கிலாந்தின் செர்ரி கியர்டன் 1892இல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்தார். அவரும் அண்ணன் ரிச்சர்டும் 1895இல் புகைப்படங்களுடன் பறவைக்கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் (1912–1996) கருப்பு வெள்ளையிலேயே இயற்கையைப் பதிவுசெய்தார். அங்குள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகட்டும். இலங்கையில் குமணவில் வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகள் அத்தகைய இன்னொரு பெருங்குடியிருப்பு.

படமெடுப்பவர் நெருங்கிப் போய்ப் பெற்றோர் கூட்டைவிட்டு எழுந்தால் வெயில் முட்டையையும் குஞ்சையும் நேரடியாகத் தாக்கும். கொழும்பில் காகங்களோ அவற்றைக் கவர நொடியில் வந்துவிடும். படத்தில் இடைஞ்சல் என்று கிளையை ஒடிப்பது, பறக்கும் காட்சிக்காகக் கைதட்டி எழுப்புவது ஆகிய இரண்டும் கொலைக்கு ஒப்பான செயல்கள். பறவை எழுந்து நின்று தலையை உயர்த்திப் பார்த்தாலே, படமெடுப்பவர் உடனே பின்வாங்க வேண்டும்.